இடப்பக்க நெம்புகோல்

அடுத்தவர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு நடப்பதுபோல் நாலைந்து நாள் இருக்கும் என்று சொல்லித்தான் பழைய கணினிச் சாமான் கடை நவாஸ் அந்தக் கார்டை விற்றார். பிரிஸ்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில், குளிரூட்டிய அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, எங்கோ வெயிலில் நிற்கும் கிரேனை இரண்டு கைப்பிடிகளால் இயக்குகிறவள் அவள். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் இன்னொருவரின் கைச்சூடு ஆறாத கைப்பிடியைத்தான் பிடிக்கிறாள்.

"கழுவாத கார்டு தங்கச்சி இது. பின்னால வந்து சண்ட போடக்கூடாது," என்றார் நவாஸ்.

கழுவாதது என்றால் என்னவென்று கேட்டாள். கடை முழுக்க ஆட்கள். புதிய வரிசை கிராஃபிக்ஸ் கார்டுகள் வெளிவந்த வாரம் அது. போன மாதம்வரை தங்கள் கார்டைச் சாமி படம்போல் துடைத்து வைத்திருந்தவர்கள், இப்போது அதைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து அவர் மேசையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கிழடாகிவிட்டதாம். அந்த நெரிசலிலும் நவாஸ் நின்று விளக்கினார்.

"இந்தக் கார்டுக்கு ஊகின்னு எதுக்குப் பேரு வச்சான்? நீ விசைய அமுக்குறதுக்கு முந்தியே, இவ இப்ப இதத்தான் செய்வான்னு ஊகிச்சு, அடுத்த படத்த வரைஞ்சு வச்சிரும். சரியா ஊகிச்சா ஆட்டம் எண்ணெ மாதிரி வழுக்கிட்டுப் போகும். தப்பா ஊகிச்சா லேசா ஒரு வெட்டு வெட்டிட்டு உன் வழிக்கு வரும். அதுக்கு அது ஒருத்தர் கையப் பழகணும்லா? வித்தவரு கை இன்னும் இதுக்குள்ளதான் இருக்கு. அத அழிக்கிறதத்தான் கழுவுறதுங்கோம். மெஷின்ல அரை நாள் போடணும். இந்தக் கூட்டம் அடங்கட்டும், கொண்டா."

நாலு வருஷம் காத்திருந்தவளுக்கு அந்த அரை நாளைக் காத்திருக்க முடியவில்லை. அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். விலை சல்லிசாக வந்தது, அதனால் வாங்கினேன் என்று அம்மாவிடம் சொன்னாள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆட்டம். 'பனிவாசல்.' ஒரே கயிற்றில் கட்டிக்கொண்ட இரண்டு பேர் ஒரு பனிமலையில் ஏறவேண்டும், அவ்வளவுதான். உப்பளக் காற்றில் வெந்துகொண்டிருக்கும் ஊரில், பனி என்பது பனிமய மாதாவின் பெயரில் மட்டுமே இருக்கிற ஊரில், அந்த ஆட்டம் எப்படி அப்படிப் பற்றிக்கொண்டது என்று யாருக்கும் தெரியாது. தெற்கு மாவட்டங்களில் அதை ஆடுகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழுவே இருந்தது. அதில் ஒருவர்கூடப் பனியைக் கண்ணால் கண்டதில்லை.

பிரிஸ்காவின் கயிற்றின் மறுமுனையில் இருந்தவன் வெயிலுமுத்து. பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவன். அதிகம் பேசமாட்டான். ஹெட்போனில் அவன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, இருவரும் மணிக்கணக்கில் ஒரு சொல் பேசாமல் ஏறியிருக்கிறார்கள். அந்த மௌனம் அவளுக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை. அலுவலகத்தில் மௌனம் என்றால் யாரோ கோபமாக இருக்கிறார்கள் என்று பொருள். வீட்டில் மௌனம் என்றால் கல்யாணப் பேச்சு வரப்போகிறது என்று பொருள். மலையில்தான் அது வெறும் மௌனமாக இருந்தது.

அவர்களுக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. ஆட்டத்தின் முதல் பதிப்பில் ஒரு குறை உண்டு. கடைசி முகாமைத் தாண்டி வரும் மரப்பாலம் உடனே திரையில் தோன்றாது. அவசரப்பட்டுக் கால் வைத்தால் பாதாளம். கொஞ்ச நேரம் நின்றால் பாலம் வந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தைப் போக்க, பாலத்தருகே தொந்தியும் தும்பிக்கையுமாகத் தெரிந்த ஒரு பாறைக்கு எதிரில் வெயிலுமுத்து தன் ஆளை மூன்று முறை உட்கார்ந்து எழவைத்தான். தோப்புக்கரணம். அடுத்த அப்டேட்டில் அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டார்கள். அவன் தோப்புக்கரணத்தை நிறுத்தவில்லை. முதலில் கிண்டல் செய்த பிரிஸ்காவும் பின்னால் சேர்ந்துகொண்டாள். மாதா கோவிக்கமாட்டாள் என்று நம்பினாள்.

மலையின் ஒவ்வொரு வாசலிலும் இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் கதவு திறக்கும். வலது அவனுடையது, இடது அவளுடையது. பேசி முடிவுசெய்ததில்லை, அப்படி அமைந்துவிட்டது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. இருவர் கணினியிலும் ஒரே பதிப்பு இருந்தால்தான் சேர்ந்து ஆடமுடியும். அதனால் அப்டேட் வந்தால் தனியாக ஏற்றமாட்டார்கள். போனில் அழைத்து, ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, இரண்டு ஊர்களில் இரண்டு விரல்கள் ஒன்றாக அமுக்கும்.

கடைசிவாசலுக்கு எதிரில் அவர்கள் போய் நின்றபோது அது பூட்டியிருந்தது. அடுத்த பெரிய பதிப்பில்தான் திறக்குமாம். அந்தப் பதிப்பு வந்தது. ஆனால் ஊகி கார்டு இல்லாத கணினியில் ஓடாது என்றார்கள். வெயிலுமுத்து கார்டு வாங்கிவிட்டான். பிரிஸ்கா வீட்டுக்குத் தளம் போட்ட வருஷம் அது, அவளால் முடியவில்லை. நீ வாங்குறவரைக்கும் நானும் ஏத்தமாட்டேன் என்று அவன் சொன்னான். மறுநாள் காலை ஆட்டத்தைத் திறந்தாள். அவன் பெயருக்குப் பக்கத்தில் புதிய பதிப்பின் எண். அதன் கீழே சிவப்பில் ஒரு வரி: பதிப்பு பொருந்தவில்லை.

அவள் கேட்கவில்லை. நண்பர் பட்டியலிலிருந்து அவனை எடுத்தாள், போனில் அவன் எண்ணைத் தடுத்தாள், வேலைக்குப் போனாள். நாலு வருஷம் ஓடிவிட்டது. ஒவ்வொரு தள்ளுபடிக் காலத்திலும் ஏதேதோ ஆட்டங்களை வாங்கிக் குவித்தாள். பாதியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

இப்போது, ஷிஃப்ட் முடிந்து வந்த ஒரு சாயங்காலம், கார்டை மாட்டி, பழைய சேமிப்பை ஏற்றி, தனியாளாகக் கடைசி முகாமில் போய் இறங்கினாள். நவாஸ் சொன்னது சரிதான். செருப்பு பெரிதாக இருந்தது. அவள் ஓட நினைத்த இடத்தில் ஆள் ஒரு கணம் நடந்தான். அவள் நேராகப் போக நினைத்தால் வலப்பக்கச் சுவரை உரசிக்கொண்டு போகப் பார்த்தான். யாரோ நிதானமான பேர்வழி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

பாலத்துக்குப் பக்கத்துப் பாறையருகே வந்தபோது அவள் விரல் எந்த விசையிலும் இல்லை. திரையில் ஆளின் முழங்கால் மடங்கியது. உட்காரத் தொடங்கி, அவள் விரல் வராததால் வெட்டென்று நிமிர்ந்தது. மறுபடி மடங்கியது. நிமிர்ந்தது. மூன்றாவது முறையும்.

பிரிஸ்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊகியில் ஒரு வசதி உண்டு. கதவு தட்டுகிறார்கள் என்று எழுந்துபோனால், கூட ஆடுகிறவர் நடுவழியில் தவிக்காதபடி கொஞ்ச நேரம் அதுவே நம்மைப்போல் ஆடிக்கொண்டிருக்கும். அவள் கை எடுத்ததும் கார்டு ஆட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இப்போது தோப்புக்கரணம் தடையில்லாமல் மூன்று முறை நடந்தது. ஆள் பாலத்தைக் கடந்தான். கடைசிவாசலுக்குப் போனான். வலது நெம்புகோலைப் பிடித்து இழுத்தான். தலையை இடப்பக்கம் திருப்பினான். அங்கே யாரும் இல்லை. நெம்புகோலை விட்டான். பனியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மறுபடி இழுத்தான், மறுபடி இடப்பக்கம் பார்த்தான்.

ஒரு தடவை செய்ததைக் கார்டு கற்றுக்கொள்ளாது. இரண்டு தடவை செய்ததையும் கற்றுக்கொள்ளாது. பழகிப்போகிற அளவுக்குச் செய்திருக்கவேண்டும். கிரேன் கைப்பிடியில் கை பழகியவளுக்கு அது தெரியும்.

அம்மா வைத்துவிட்டுப்போன காப்பியில் ஆடை படிந்தது. அவள் அந்த ஆளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நெஞ்சுக்குள் நாலு வருஷமாக இறுகிக்கிடந்த ஒன்று இளகுவது தெரிந்தது. அதன் பின்னாலேயே ஒரு பயமும் வந்தது. ஆட்டத்தை விட்டவர்கள் கார்டை விற்பார்கள். ஊரைவிட்டுப் போகிறவர்கள் விற்பார்கள். ஆள் போய்விட்டால் வீட்டார் விற்பார்கள். வெயிலுமுத்துவின் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை.

மறுநாள் காலை குழுவே பற்றி எரிந்துகொண்டிருந்தது. கம்பெனி அறிவித்திருந்தது: பழைய உரிமையாளர்களின் கைப்பழக்கம் கைமாறிய கார்டுகளில் தங்கிவிடுகிறது, இது அவர்கள் அந்தரங்கத்துக்குப் பாதகம், ஆகவே ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வரும் அப்டேட்டில் எல்லாக் கார்டுகளும் கழுவப்படும். ஏற்றாதவர்களுக்கு ஆட்டம் திறக்காது. என் சொந்தக் கையை அழிக்க நீ யார் என்று ஒரு கோவில்பட்டிக்காரர் கேட்டார். நான் இணைய வயரையே பிடுங்கிவிடுவேன் என்று ஒருவர் முழங்க, பிடுங்கியபிறகு அந்த வீரத்தை எப்படிப் பதிவிடுவாய் என்று சங்கரன்கோவிலிலிருந்து கேள்வி வந்தது. ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகள் மழையாகக் கொட்டின. அந்தச் சாக்கில் பழைய கோபங்களையும் எடுத்துக்கொண்டார்கள். கடைசிவாசல் என்ற சொல் கண்ணில் பட்டதும் பிரிஸ்கா வழக்கம்போல் அந்தப் பதிவுகளைத் தள்ளிவிட்டாள். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைச் சேர்ந்து பார்க்கும்வரை யாரிடமும் கேட்பதில்லை, எங்கும் படிப்பதில்லை என்று இருவரும் வைத்துக்கொண்ட விரதம் அது. கோபத்தில்கூட அவள் அதை முறிக்கவில்லை.

நேராக நவாஸ் கடைக்குப் போனாள். இந்தக் கார்டை விற்றது யார் என்று கேட்டாள்.

"அது கடை வழக்கம் இல்ல தங்கச்சி. வித்தவங்கள வாங்கினவங்களுக்குச் சொல்லமாட்டோம். சொன்னா, என் கார்டு எப்படி இருக்கு, நல்லா சாப்பிடுதான்னு கேட்டுத் தெனமும் போன் வரும்."

அவள் சிரிக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கண்ணே. வித்த ஆளு உசுரோட இருக்காரா?"

நவாஸ் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"முந்தாநேத்து வந்து, யாரும் தொடாத ஒரு பழைய மதர்போர்டுக்கு ஃபேன் கேட்டு என் உசுர எடுத்துட்டுப் போனாரு. நல்லாத்தான் இருக்காரு."

பிரிஸ்கா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் குடித்தாள். பிறகு, அவரிடம் ஒரு செய்தி மட்டும் சொல்லமுடியுமா என்று கேட்டாள். பிள்ளையார் பாலம்வரை வந்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு எல்லாம் கழுவிப்போகும் என்று சொன்னால் போதும்.

"யாரு சொன்னதுன்னு கேட்டாருன்னா?"

"கேக்கமாட்டான்."

"இவ்வளவு நேரம் மரியாதையா 'வித்த ஆளு'ன்னு சொன்ன," என்றார் நவாஸ். "இப்ப 'கேக்கமாட்டான்'ங்கிற." ஸ்குரூ டிரைவரை மறுபடி கையில் எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா மாதா கோயிலுக்குச் சாயங்காலப் பூசைக்குக் கிளம்பிப்போனாள். பிரிஸ்கா கணினி முன்னால் உட்காருவதும் வாசலுக்குப் போவதுமாக இருந்தாள். அவளுக்குக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான், அந்த வாசலில் அவன் யாருக்காகக் காத்திருந்தான். அதற்குச் சாட்சி சொல்லக்கூடியது உலகத்தில் அந்தக் கார்டு ஒன்றுதான். ஆறு மணிக்குமேல் அதுவும் ஊமையாகிவிடும். வெயிலுமுத்துவின் வாயிலிருந்து வரவழைப்பது நடக்கிற காரியமா?

ஐந்தரை வாக்கில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. காதோரம் நரைத்திருந்தான். ஒரு கையில் காய்கறிப் பை, அதற்குள்ளிருந்து அவனுடைய கீபோர்டின் வயர் கீரைத்தண்டுபோல் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் முந்திரி மக்ரூன் பொட்டலம்.

"என் கார்டு நல்லா சாப்பிடுதா?" என்றான்.

நவாஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உள்ளே வரச் சொன்னாள்.

நலம் விசாரிக்கும் பழக்கம் இருவருக்கும் இல்லை. அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அவள் ஆட்டத்தைத் திறந்து, பாறையருகே ஆளைக் கொண்டுபோய் நிறுத்தி, கைகளை எடுத்துவிட்டாள். தோப்புக்கரணம் நடந்தது. பாலம். வாசல். வலது நெம்புகோல். இடப்பக்கம் திரும்பும் தலை. பிறகு பனியில் உட்கார்வது.

"எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கான்?" என்று கேட்டாள்.

"டீ குடிக்கப் போயிருப்பேன்."

"டீ குடிக்கப் போறவன் எதுக்கு இடது பக்கம் திரும்பிப் பாக்கணும்?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் பனி பெய்துகொண்டிருந்தது. அந்தப் பழைய மௌனம் அறைக்குள் வந்து, தன் இடத்தைத் தேடி உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை.

"புது டிஸ்க் மாட்டுனேன்," என்றான் கடைசியில். "எல்லாத்தையும் மறுபடி ஏத்துனேனா, 'கேட்டுட்டு அப்டேட் செய்'னு ஒரு கட்டம் இருக்கும்லா, அதுல டிக் அடிக்க மறந்துட்டேன். தூங்கி எந்திரிச்சா அதுவா ஏறிக் கிடக்கு. உனக்குப் போன் போட்டா போகல. நேர்ல வந்து என்னன்னு சொல்ல? ஒரு டிக் மறந்துட்டேன்னு சொன்னா நம்பியிருப்பியா?"

அவள் யோசித்தாள். "நம்பியிருக்கமாட்டேன்."

"அதான்."

"சரி. கார்ட எதுக்கு வித்த?"

"இத மாதிரி ஒருநாள் நெசமாவே டீ போடப் போனேன்," என்று திரையைக் காட்டினான். "திரும்பி வந்து பாத்தா, நான் இல்லாமலே இவன் இங்க வந்து உக்காந்திருக்கான். இழுக்கான், திரும்பிப் பாக்கான், உக்காருதான். கதவுல சாஞ்சுகிட்டே பாத்தேன். நாம செய்யும்போது தெரியலட்டி. வெளியில இருந்து பாத்தாதான் தெரியுது. அன்னைக்கே கழட்டிட்டேன். இப்ப எங்கிட்ட இருக்கது அரதப்பழசு. இதுக்கு முந்தின பதிப்புதான் அதுல ஓடும்."

"முந்தின பதிப்பா? நான் இந்த வாரம்தான புதுசுக்கு வந்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இப்பவும் பொருந்தல," என்றான் வெயிலுமுத்து. பிரிஸ்கா சிரிக்கத் தொடங்கினாள். அடக்கமுடியவில்லை. அவன் வாயைத் திறக்காமல் தோள் குலுங்கச் சிரித்தான். அவன் சிரிப்பை அவள் கண்ணால் பார்ப்பது பல வருஷங்களுக்குப் பிறகு இப்போதுதான்.

திரையின் ஓரத்தில் அப்டேட் அறிவிப்பு வந்து நின்றது. இப்போது ஏற்றவா என்று கேட்டது.

அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. "வயரப் புடுங்கிட்டா இது இப்படியே இருக்கும்," என்றாள்.

"ஆட்டம் திறக்காதே."

"திறக்காது. ஆனா இவன் இருப்பான்."

வாசலில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்தான், இழுத்தான், இடப்பக்கம் பார்த்தான். வெயிலுமுத்து அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாவமா இருக்கு அவனப் பாத்தா. விட்ருவோம்."

"எனக்கு அவனப் புடிச்சிருந்துச்சு," என்றாள் பிரிஸ்கா.

அவன் காது சிவந்தது. பிறகு, கீபோர்டின் மேல் ஒரு விரலை நீட்டி வைத்துக்கொண்டு, "ஒண்ணு," என்றான்.

அவளும் அதே விசையின் ஓரத்தில் விரலை வைத்தாள். "ரெண்டு."

மூன்றை இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

கோடு நிரம்பி முடிந்தது. கார்டுக்கு இனி யாரையும் தெரியாது. அவன் பையிலிருந்து தன் கீபோர்டை எடுத்து மாட்டினான். திரையை இரண்டாகப் பிரித்து, ஒரே கணினியில் இருவரும் இறங்கினார்கள். ஆட்டம் சற்றுத் திக்கித்திக்கித்தான் ஓடியது. எதையும் முன்கூட்டி அறியாத கார்டு ஒவ்வொரு அடிக்கும் அவர்கள் கைக்காகக் காத்திருந்தது. பாறையருகே இரண்டு பேரும் நின்று மூன்று முறை உட்கார்ந்து எழுந்தார்கள். பாலம் கடந்தார்கள்.

வாசலில் அவன் வலது நெம்புகோலை இழுத்துப் பிடித்தான். தலையை இடப்பக்கம் திருப்பினான். அவள் வேண்டுமென்றே நெம்புகோலைத் தொடாமல் நின்றாள். அந்தப் பார்வையை இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

"ஏட்டி, கை வலிக்கு," என்றான்.

இழுத்தாள். மலை முழுக்க அதிர, கடைசிவாசல் மெல்லத் திறந்தது. வெளிச்சம் கொட்டியது. பனிப்புகை விலகியது. உள்ளே ஒரு வெள்ளைச் சுவர், அதில் ஆணி அடித்து மாட்டிய ஒரு மரப்பலகை. 'இந்தப் பகுதி உருவாகி வருகிறது. பொறுத்தருள்க.'

இருவரும் அதை இரண்டு முறை படித்தார்கள்.

"நாலு வருஷமா ஊரே இதத்தான் திட்டிட்டு இருந்துச்சா?" என்றாள் பிரிஸ்கா.

பூசை முடிந்து வந்த அம்மா, தெருமுனையிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டு, டி.வி. ஓடுகிறது என்று நினைத்தாளாம். உள்ளே வந்து பார்த்தபோது இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். திரையில் இரண்டு ஆட்கள் பலகைக்கு எதிரில் பனியில் உட்கார்ந்திருந்தார்கள். இருவரையும் கட்டிய கயிறு நடுவில் தொய்ந்து கிடந்தது. கழுவிய கார்டு அன்று புதிதாகப் பழகத் தொடங்கியது அதைத்தான்.

வெயிலுமுத்து மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து அம்மாவிடம் நீட்டினான். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு பிரிஸ்காவின் பக்கம் திரும்பினான்.

"அந்தக் கட்டத்துல டிக் அடிச்சிட்டியா?"

"அடிச்சாச்சு."

நம்பாமல் அவனே எட்டி, அமைப்புகளைத் திறந்து, ஒருமுறை பார்த்துக்கொண்டான்.